பட்டியலில் இல்லாத கீரை

ஸ்காபரோவில் உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் என் பெயர் எழுதிய கோப்பு ஒன்று இருக்கிறது. அதன் முதல் பக்கத்திலேயே ஒரு வசனம்: "நோயாளி தன் குளிசைகளை ஒழுங்காக எடுப்பதில்லை." அது பொய். ஒரு வேளை கூட நான் அந்தக் குளிசையைத் தவறவிட்டதில்லை. காலில் இரத்தம் உறைந்து, இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போது பழையபடி நடமாடுகிற இந்த நேரத்தில் நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்த வசனம்தான் காரணம். நோய் என்னை வருத்தியது உண்மை. அந்த வசனம் அதைவிட வருத்தியது.

நான் மட்டக்களப்பில் பதினேழு வருடம் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்தவன். உரம், விதை, பூச்சிமருந்து எல்லாம் என் பொறுப்புத்தான். ஆனாலும் எனக்குப் பிடித்த விஷயம் கீரை. வேலியில், வாய்க்கால் ஓரத்தில், குப்பைமேட்டில் தானாக முளைத்துக் கிடப்பதை ஆடு தின்கிறது, மனிதன் கோவா, கரட் என்று மரக்கறி தேடிச் சந்தைக்குப் போகிறான் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசியிருக்கிறேன். முருங்கை இலையில் இரும்புச்சத்து, பொன்னாங்காணியில் கண்ணுக்குத் தேவையான சத்து, முளைக்கீரையில் எலும்புக்குத் தேவையான சுண்ணாம்புச்சத்து என்று துண்டுப்பிரசுரமே எழுதியிருக்கிறேன். 1985இல் ரொறன்ரோவுக்கு வந்த பிறகு அந்தப் படிப்பை யாரும் கேட்கவில்லை. கார் தரிப்பிடம் ஒன்றின் வாசலில், ஒரு ஆள் மட்டும் கொள்ளும் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து ரிக்கெற் கொடுக்கிற வேலை கிடைத்தது. பன்னிரண்டு மணித்தியாலம் கால் தொங்கப்போட்டபடி இருக்கவேண்டும். எழும்பி நடந்தால் கார்க்காரன் ஹோர்ன் அடிப்பான்.

1987 வைகாசியில் இடது கால் வீங்கியது. முதலில் சப்பாத்து இறுக்கம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் கெண்டைக்கால் சூடாகி, தொட்டால் உயிர் போகிற நோவு. என் மனைவி தங்கேஸ் நல்லெண்ணெய் பூசினாள். பிறகு, "இது எண்ணெயால போற வீக்கமில்ல, வெளிக்கிடுங்க" என்று சொல்லி வெக்ஸ்போர்ட்டில் எங்கள் மாடிக்குக் கீழ் வீட்டில் இருந்த மரியநாயகம் அண்ணையைக் கூப்பிட்டாள். அண்ணை மன்னார்க்காரர், பிறம்ரனில் லொறி ஓட்டுகிறவர். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் ஐந்து மணித்தியாலம் காத்திருந்தோம். பிறகு பாதத்து நரம்பில் ஊசியேற்றி, ஒரு சாயத்தை உள்ளே விட்டு, எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தச் சாயம் ஏறும்போது கால் முழுவதும் தீப்பிடித்ததுபோல் எரிந்தது. படத்தில் சாயம் ஓடிய நரம்பெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. தொடைக்குக் கீழே ஓரிடத்தில் வெள்ளை நின்றுவிட்டது. அங்கேதான் இரத்தம் கட்டியாக உறைந்து வழியை அடைத்திருந்தது. அந்தக் கட்டி கிடந்த இடத்திலேயே கிடந்தால் கால் வீங்கும், அவ்வளவுதான். அது கழன்று இரத்தத்தோடு போய் நுரையீரலில் சிக்கினால் ஆள் முடிந்தது. இதை அந்த டொக்டர் வானிலை அறிக்கை வாசிப்பவரைப்போல் சொன்னார். தங்கேஸ் என் முழங்கையைப் பிடித்த பிடி வீட்டுக்கு வந்த பிறகும் நீலமாக இருந்தது.

பத்து நாள் கையில் ஊசியோடு படுக்கை. அதன் பிறகு வார்பரின் என்ற குளிசை. இது இரத்தத்தைச் சீக்கிரம் உறையவிடாமல் தடுக்கிற மருந்து. குறைந்தால் மறுபடியும் கட்டி வரும், கூடினால் உடம்புக்குள் இரத்தம் கசியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒடுக்கமான வரம்பில் நடக்கவேண்டும். அதனால் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் போய் இரத்தம் கொடுத்து, அது உறைய எத்தனை செக்கன் எடுக்கிறது என்று பார்க்கவேண்டும்.

வீட்டுக்கு விடும் நாள் உணவு ஆலோசகர் வந்தார். இளம் பெண், நல்ல சிரிப்பு. கையில் தட்டச்சு செய்த ஒரு தாள். லெட்டஸ், ஸ்பினாச், புரோக்கொலி, இன்னும் இரண்டு மூன்று பெயர். இவற்றை அதிகம் சாப்பிடக்கூடாது என்றார். ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "தினமும் பச்சை மரக்கறிகள் சாப்பிடுவீர்களா?" என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று அடையாளம் போட்டேன். சலட்? அதுவும் இல்லை. பச்சை இலையை வினாகிரியில் நனைத்துத் தின்னுகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

என் படிப்பு எனக்குக் குழி வெட்டியது இங்கேதான். ஒன்றும் தெரியாத ஒரு ஆள் என்றால் ஸ்பினாச்சைப் பார்த்ததும் "ஓ, கீரை" என்று விளங்கிக்கொண்டு எல்லாக் கீரையையும் விட்டிருப்பான். எனக்கோ ஸ்பினாச் வேறு, முளைக்கீரை வேறு, குடும்பமே வேறு என்று தெரியும். வெளிக்கிடும்போது தங்கேஸுக்கு விளக்கம் வேறு சொன்னேன்: "இந்தத் தாளில இருக்கிற ஒண்டும் நாம தின்னுறதில்ல புள்ள. பயமில்ல."

அந்தக் கோடையில் நான் தின்றது கீரைதான். மின்சாரக் கம்பிகள் போகிற வெளி எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் நீளத்துக்குக் கிடந்தது. ஆனி மாதம் அங்கே இடுப்பளவு குப்பைக்கீரை. இந்த நாட்டில் அதற்குப் பன்றிக்களை என்று அர்த்தம் வருகிற பெயர். இரும்பும் சுண்ணாம்பும் நிறைந்த ஒரு கீரையைப் பன்றிக்கு எழுதிவைத்துவிட்டு, தண்ணீர் மட்டும் உள்ள லெட்டஸைக் காசு கொடுத்து வாங்குகிறார்களே என்று எனக்கு எப்போதும் ஒரு எரிச்சல். தங்கேஸ் பின்னேரம் ஒரு பை நிறைய ஆய்ந்து வருவாள். நடைபாதை ஓரத்தில் பருப்புக்கீரை. மரக்கறிக் கடைக்காரன் வெட்டி எறிகிற முள்ளங்கி இலையையும் கேட்டு வாங்குவாள். முயலுக்கா என்று அவன் கேட்பானாம். ஓம் என்று சொல்லிவிட்டு வருவாளாம்.

மரியநாயகம் அண்ணை வெள்ளிக்கிழமை தோறும் சீனக்கடையில் ஒரு கட்டு முளைக்கீரை வாங்கிக்கொண்டு கதவைத் தட்டுவார்.

"தம்பி, பத்து நாள் ஊசி ஏத்தின உடம்பு. இரத்தம் ஊறவேணும். இதை வறை வைச்சுச் சாப்பிடும்."

"வறை இல்ல அண்ணை, சுண்டல்" என்பாள் தங்கேஸ். தேங்காய்ப்பூப் போட்டு வதக்கிய கீரைக்கு அவர் ஊரில் ஒரு பெயர், எங்கள் ஊரில் ஒரு பெயர்.

"என்னவெண்டாலும் வையுங்கோ பிள்ளை. ஆளை எழுப்பினால் சரி."

மத்தியானம் சுண்டல், இரவு பருப்போடு கடைந்த கீரை. ஊரிலிருந்து வந்த காய்ந்த முருங்கை இலையை ரசத்தில் போட்டுக் குடித்தேன். எனக்கு முகத்தில் தெளிவு வந்தது. கால் வீக்கம் குறைந்தது. கீரையின் மகிமையைப் பற்றி அண்ணைக்கு ஒரு மணித்தியாலம் பிரசங்கம் செய்தேன். அவரும் பொறுமையாகக் கேட்டார்.

ஆனால் செவ்வாய்க்கிழமை இரத்தம் வேறு கதை சொன்னது. என் இரத்தம் மருந்தே குடிக்காத ஒருவனின் இரத்தம்போல் சட்டென்று உறைந்தது. குளிசையை ஒன்றிலிருந்து ஒன்றரையாகக் கூட்டினார்கள். அடுத்த செவ்வாய் இரண்டு. அதற்கடுத்த செவ்வாய் இரண்டரை. ஒன்றும் அசையவில்லை.

அந்தக் காத்திருக்கும் அறையை நான் மறக்கமாட்டேன். நாற்பது கதிரை, ஒரு தொலைக்காட்சி, வாடாத பிளாஸ்ரிக் செடி. பெயர் கூப்பிடும் பெண்ணுக்கு என் பெயர் வாயில் வராது. முதல் எழுத்தைச் சொல்லிவிட்டு நிறுத்திச் சுற்றிப் பார்ப்பாள், நான் எழும்புவேன். உள்ளே ஒரு செம்பட்டைத் தலை டொக்டர். வயது முப்பதுக்கு மேல் இராது.

"குளிசை எடுக்கிறீர்களா?"

"எடுக்கிறேன்."

"தினமும்?"

"தினமும். மாலை ஆறு மணிக்கு."

அடுத்த கிழமை போத்தலைக் கொண்டுவரச் சொன்னார். மேசையில் கொட்டி எண்ணினார். கணக்குச் சரியாக இருந்தது. அவர் முகம் தெளியவில்லை. போத்தலில் குறைந்தது வாய்க்குள்தான் போனது என்று என்ன நிச்சயம் என்பதுபோல் பார்த்தார். தங்கேஸைத் தனியாக உள்ளே கூப்பிட்டு, "உங்கள் கணவர் குளிசை விழுங்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். அவள் அரைகுறை இங்கிலீஷில், "அவர் பொய் சொல்றவர் இல்லை" என்றாளாம். அவர் என்னிடம் திரும்பிவந்து, "உங்கள் சமூகத்தில் சிலர் உடம்பு நன்றாக இருக்கிறது என்று தோன்றியதும் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். அது எனக்கு விளங்குகிறது" என்றார். என்ன விளங்கியது அவருக்கு? எங்கள் சமூகத்தில் அவர் எத்தனை பேரைக் கண்டார்? பதினேழு வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவனை, மருந்தைக் கொப்புளித்துத் துப்புகிற சின்னப்பிள்ளையாக்கிவிட்டார். அன்றுதான் அந்த வசனம் கோப்பின் முதல் பக்கத்தில் முக்கிய குறிப்பாக ஏறியது. எழுதும்போது தலைகீழாகப் பார்த்து நானே வாசித்தேன்.

ஆடி நடுவில் கால் மறுபடியும் கனத்தது. திரும்பவும் ஆஸ்பத்திரிப் படுக்கையில் போட்டார்கள். மருந்து கொடுக்க மட்டுமல்ல, நான் விழுங்குவதைக் காவல் பார்க்கவும்தான். நேர்ஸ் குளிசையைக் கையில் தந்து, தண்ணீர் தந்து, பிறகு வாயைத் திறக்கச் சொல்லி நாக்கின் கீழே பார்ப்பாள். பக்கத்துக் கட்டில்காரர் பத்திரிகையை இறக்கிவிட்டுப் பார்ப்பார். நாற்பத்தாறு வயதில் வாயைத் திறந்து காட்டினேன். அந்த அவமானத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

வீட்டுச் சாப்பாடு கொண்டுவரக்கூடாது என்றும் உத்தரவு. தங்கேஸ் முதல் நாள் கொண்டுவந்த சோற்றுப் பெட்டியை வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். அவள் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணித்தியாலம் என் கட்டிலருகே இருந்தாள். எனக்கு வந்தது மசித்த உருளைக்கிழங்கு, வெளிறிய கோழித்துண்டு, ஆடுகிற சிவப்பு ஜெலி. மத்தியானமும் அதுதான், இரவும் அதுதான். பச்சை நிறத்தில் அந்த அறையில் இருந்தது திரைச்சீலை மட்டும்.

நாலாம் நாள் செம்பட்டைத் தலை டொக்டர் சிரித்தபடி வந்தார். என் இரத்தம் சரியான வரம்புக்கு வந்துவிட்டதாம்.

"பார்த்தீர்களா? நாங்கள் கையில் தந்தால் மருந்து வேலை செய்கிறது."

அதே குளிசை, அதே அளவு. வீட்டில் வேலை செய்யவில்லை, இங்கே வேலை செய்கிறது. நீதிமன்றம் என்றால் அன்றைக்கே தீர்ப்பு எழுதியிருப்பார்கள். டொக்டர் போனபின் தங்கேஸ் என் பக்கம் குனிந்தாள். குரலைத் தாழ்த்தி, யாருக்கும் கேட்காமல்:

"இஞ்ச பாருங்க, மறைக்காமச் சொல்லுங்க. நீங்க அந்தக் குளிசையக் குடிச்சீங்கதானே?"

இருபது வருடம் என்னோடு வாழ்ந்தவள். செம்பட்டைத் தலையன் நூறு தரம் கேட்டான், எனக்குக் கோபம்தான் வந்தது. இவள் ஒரு தரம் கேட்டாள், அழுகை வந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. என் கால்மாட்டில் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஆறாம் நாள் காலை பல் துலக்கியபோது வாய் நிறைய இரத்தம். துப்பத் துப்ப நிற்கவில்லை. சிறுநீர் தேயிலைச் சாயம்போல் போனது. இரத்த அழுத்தம் பார்க்கக் கட்டிய பட்டியின் தடம் கையில் கறுத்து நின்றது. நேர்ஸ்மார் ஓடினார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது: இத்தனை நாளும் உறைந்து கொல்லப் பார்த்த இரத்தம் இப்போது உறையாமல் கொல்லப் பார்க்கிறது. தங்கேஸ் மத்தியானம்தான் வருவாள். அவள் வரும்போது நான் இருக்கவேண்டும், குளிசையைக் குடித்தேன் என்று அவளுக்குச் சொல்லாமல் போய்விடக்கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். வேறு ஒரு கடவுளும் ஞாபகம் வரவில்லை.

ஊசியோடு வந்தவள் ஜோய்ஸ் என்ற நேர்ஸ். ட்ரினிடாட்காரி, ஐம்பது வயதிருக்கும், எப்போதும் மெல்லப் பாடிக்கொண்டே வேலை செய்வாள்.

"என்ன மருந்து இது?" என்று கேட்டேன்.

"வைட்டமின் கே. உன் குளிசைக்கு மாற்று மருந்து. இரத்தத்தைத் திரும்ப உறையச் செய்யும்."

"அது எதிலிருந்து வருகிறது?"

"எதிலிருந்தா? பச்சை இலையில் நிறைய இருக்கிறதே." அவள் பஞ்சை என் கையில் அழுத்திப் பிடித்தபடி ஒரு கணம் நின்றாள். "நீ வீட்டில் நேற்று..., இல்லை, இங்கே வருவதற்கு முதல் நாள் என்ன சாப்பிட்டாய்?"

மூன்று மாதத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

சொன்னேன். முளைக்கீரைச் சுண்டல், முள்ளங்கி இலை, முருங்கை இலை ரசம். முளைக்கீரை எப்படி இருக்கும் என்று கேட்டாள். இலையின் வடிவத்தையும் தண்டின் நிறத்தையும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். அவள் அம்மாவும் அந்த இலையைத்தான் தேங்காய்ப்பால் விட்டுச் சமைப்பாளாம். "எவ்வளவு சாப்பிடுவாய்?" என்றாள். கையைக் குவித்துக் காட்டினேன். இரண்டு வேளை. அவள் பாட்டை நிறுத்திவிட்டு நேரே டொக்டரிடம் போனாள்.

விஷயம் அவ்வளவுதான். வீட்டில் ஒரு கையால் குளிசையை விழுங்கி, மறுகையால் அதன் மாற்று மருந்தைத் தட்டு நிறையத் தின்றிருக்கிறேன். கீரைக்கு ஈடுகொடுக்க அவர்கள் குளிசையை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கீரை ஒரேயடியாக நின்றது. குளிசை மட்டும் ஏற்றிய அளவிலேயே நின்றது. ஏ, சி, இரும்பு, சுண்ணாம்பு என்று எழுதிய என் துண்டுப்பிரசுரத்தில் கே என்று ஒரு எழுத்தே இல்லை.

மறுநாள் செம்பட்டைத் தலை டொக்டரும் உணவு ஆலோசகரும் ஒன்றாக வந்து நின்றார்கள். எனக்கு எழும்பி இருக்கக்கூட வலு இல்லை, ஆனாலும் கோபத்துக்கு வலு இருந்தது.

"இதை நீங்கள் எங்களிடம் சொல்லியிருக்கவேண்டும்" என்றார் டொக்டர்.

"நீங்கள் கேட்டிருக்கவேண்டும்."

உணவு ஆலோசகப் பெண் படிவத்தை எடுத்து நீட்டினாள். பச்சை மரக்கறிகள், தினமும்: இல்லை. என் கையால் போட்ட அடையாளம்.

அதைப் பார்த்ததும் என் கோபத்தில் பாதி என் பக்கம் திரும்பியது. இந்தத் தவறை நான் அறிவேன். ஏறாவூர்ப் பக்கத்திலும் வாகரையிலும் எத்தனை வீட்டு வாசலில் இதே கேள்வியைக் கேட்டு இதே பதிலை வாங்கியிருக்கிறேன்! "மரக்கறி தின்னுறீங்களா?" என்றால், "அதுக்கு எங்க ஐயா காசு?" என்பார்கள். அடுப்பில் ஒரு சட்டி கீரை வெந்துகொண்டிருக்கும். காசு கொடுத்து வாங்கினால்தான் அது மரக்கறி. வேலியில் பிடுங்கியதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. அப்படிக் கேட்கக்கூடாது, நேற்று என்ன சமைத்தீர்கள் என்று கேட்கவேண்டும் என்று புதிதாக வேலைக்கு வந்தவர்களை நான் ஏசியிருக்கிறேன். அந்த நானே, மின்கம்பி வெளியில் சும்மா பிடுங்கியதை மரக்கறி இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் மற்றப் பாதிக் கோபம் இப்போதும் அவர்களுடையதுதான். பிழையான பதில் சொன்னவன் நான். என்னைப் பொய்யன் என்றது அவர்கள்.

கீரையை விடவேண்டுமா என்று கேட்டேன். உள்ளே இருந்தது அந்தப் பயம்தான். வேண்டியதில்லை என்று, பின்னேரம் என்னைப் பார்க்க வந்த பெரிய டொக்டர் சொன்னார். ஒரு நாள் சட்டி நிறைய, ஒரு நாள் ஒன்றுமில்லை என்று இருக்கக்கூடாது. ஒவ்வொரு நாளும் ஒரே அளவு. அந்த அளவுக்குத் தக்கபடி குளிசையைப் பொருத்தலாம். அடுத்த செவ்வாய் தங்கேஸ் நாலு விதக் கீரையில் ஒவ்வொரு கட்டையும் ஒரு பிடி காய்ந்த முருங்கை இலையையும் கொண்டுபோய் உணவு ஆலோசகரின் மேசையில் வைத்தாள். அந்தப் பெண் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, நான் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்ல, தன் தாளில் தட்டச்சு செய்து சேர்த்தாள். முளைக்கீரை, பொன்னாங்காணி, வல்லாரை, அகத்தி, முருங்கை. அது நல்ல மனசு, மறுக்கமாட்டேன். மன்னிப்புக் கேட்டதும் அவள் மட்டும்தான்.

அந்த வசனத்தை அழிக்கச் சொன்னேன். கோப்பில் எழுதியதை அழிக்க முடியாதாம், கீழே சேர்க்கலாமாம். சேர்த்தார்கள். பதினோராம் பக்கத்தில்.

குளிர்காலம் தொடங்கியபின் ஒரு செவ்வாய்க்கிழமை போனால் அறையில் புது டொக்டர். முதல் பக்கத்தைத் திறந்தார். வாசித்தார். பதினோராம் பக்கம் வரை யார் புரட்டப்போகிறார்கள்? மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, ஒரு பிள்ளையிடம் கேட்பதுபோல் கேட்டார்:

"இப்போதாவது குளிசையை ஒழுங்காக எடுக்கிறீர்களா?"

இன்னும் எத்தனை பேருக்கு முதலிலிருந்து சொல்வது?

பக்கத்தில் இருந்த தங்கேஸ் கைப்பையை மடியிலிருந்து இறக்கி நிலத்தில் வைத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே குனிந்து கேட்ட அந்த ஒரு கேள்விக்குப் பிறகு அவள் அதைப் பற்றி என்னோடு பேசியதே இல்லை. நானும் பேசவில்லை. இப்போது தன் அரைகுறை இங்கிலீஷில், அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"அவர் ஒரு நாளும் விட்டதில்லை. அதை இனி அவரிடம் கேட்கவேண்டாம். நேற்று என்ன சாப்பிட்டார் என்று என்னிடம் கேளுங்கள்."

டொக்டர் கோப்பை மூடிவிட்டுப் பேனாவை எடுத்தார். "சரி" என்றார். "நேற்று என்ன சாப்பிட்டார்?"